துடுப்பும் மூச்சும்: விளையாட்டு வீரரின் அச்சத்தைக் குறித்து ஒரு பாடம்



விளையாட்டு என்பது உடலைச் சார்ந்தது, தியானம் என்பது உள்ளத்தைச் சார்ந்தது என்று இரண்டையும் வெவ்வேறு அறைகளில் வைத்துப் பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. இவ்வழக்கம் எவ்வளவு பிழையானது என்பதைச் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் விடியற்காலையில் எழுந்து வெளியே வருபவர் எவரும் காணலாம். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் முதலிய ஊர்களில் தமிழ் பேசும் குடும்பத்துப் பிள்ளைகள் ஏரிக்கரையிலும் பள்ளித் திடலிலும் ஓடிப் பழகுகின்றனர். சிலர் சடுகுடு ஆடுகின்றனர். சிலர் காவற்படைத் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் ஆயத்தம் செய்கின்றனர். அவர்களிற் பலருக்கு அந்த ஓட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. சில விநாடிகள் முந்தினால் வீட்டிற்கு ஒரு மாதச் சம்பளம் வரும். பிந்தினால் மறுபடியும் கூலி வேலை. இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றேயாகும்: "பயிற்சியில் நன்றாக ஓடுகிறான், தேர்வு நாளில் மட்டும் கால் நடுங்குகிறது, இராத்திரி தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, இது என்ன?"

இதற்குக் கண்ணேறு என்றும், காற்றுச் சேட்டை என்றும் காரணங் கூறிக் கயிறு கட்டுவோர் இன்னும் இருக்கின்றனர். பழைய பழக்கம் எளிதில் விடாது. அதற்காக அப்பெற்றோரை நாம் இகழ்தல் தகாது. ஆயினும் எதற்கும் காரணம் தேடு என்று போதித்த ஆசிரியரின் வழியிற் சேர்ந்த நாம், இந்நடுக்கத்திற்கும் காரணம் யாது, அது நீங்கும் வழி யாது என்று ஆராயக் கடமைப்பட்டவர்கள். இப்பாடத்தில் அவ்வழிகளுள் ஒன்றாகிய துடுப்பு வலித்தலைப் பற்றி எழுதுகிறோம். நீர் அருகிய மாவட்டத்தாருக்குப் படகைப் பற்றி எழுதுவதா என்று நகைக்க வேண்டா. காரணம் போகப் போக விளங்கும்.

முதலில் இருவேறு துன்பங்களைப் பிரித்தறிதல் வேண்டும். பதற்றம் என்பது இனி வரப்போவதைக் குறித்த அச்சம். உள்ளக்காயம் என்பது முன்பே நிகழ்ந்துவிட்ட ஒன்று இன்னும் நிகழ்ந்துகொண்டே இருப்பதுபோல் உடலைப் பிடித்துக்கொள்ளுதல். ஓட்டத்தில் தோற்றுவிடுவோமோ என்று நடுங்குபவன் முன்னதற்கு ஆளானவன். லாரி மோதிக் கால் முறிந்து, எலும்பு கூடிய பின்னும் லாரியின் ஒலி கேட்டவுடன் வியர்த்து நிற்பவன் பின்னதற்கு ஆளானவன். போர்முனையிலிருந்து திரும்பிய வீரரிடமும், வன்முறைக்கு உள்ளான பெண்களிடமும், வெள்ளத்தையும் தீயையும் கண்டவரிடமும் இப்பின்னது காணப்படும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ஆம் ஆண்டிலேதான் இதற்குத் தனிப் பெயரிட்டுத் தன் நோய்ப்பட்டியலிற் சேர்த்தது. அதற்கு முன்னர் இதனைக் கோழைத்தனம் என்று கூறித் தண்டித்த படைகளும் உண்டு.

இரண்டிலும் உடல் செய்வது ஏறக்குறைய ஒன்றே. ஆபத்து என்று மூளை எண்ணிய அக்கணமே அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்திற் கலக்கிறது. இதயம் விரைகிறது, மூச்சு மேலெழுந்து மார்பின் உச்சியில் நின்றுவிடுகிறது, வயிற்றுக்குச் செல்ல வேண்டிய குருதி தசைகளுக்குச் செல்கிறது, அதனாலேயே சோறு இறங்குவதில்லை. புலியைக் கண்டவனுக்கு இது பேருதவி. புலி இல்லாத இடத்தில் இதுவே நோயாகிறது. இன்னும் ஒன்று: இதயம் துடிப்பதை உணர்ந்தவன், "ஏன் துடிக்கிறது? ஏதோ நேரப்போகிறது" என்று அத்துடிப்பைக் கண்டே அஞ்சத் தொடங்குகிறான். அச்சம் அச்சத்தைப் பெறுகிறது.

பகவன் புத்தர் இதனை அம்பு உவமையால் விளக்கியருளினார். சம்யுத்த நிகாயத்திலுள்ள சல்ல சூத்திரத்தில், ஓர் அம்பு தைத்தவனை உடனே இரண்டாம் அம்பும் தைத்தால் அவன் இருமடங்கு துன்புறுவான் அன்றோ என்னும் கருத்து வருகிறது. முதல் அம்பு உடலின் வேதனை. இரண்டாவது, அவ்வேதனையைப் பற்றி உள்ளம் அலறும் அலறல். முதல் அம்பு அறிஞனையும் தைக்கும். இரண்டாவது அம்புக்கே அவன் இடங்கொடான். விளையாட்டு வீரனின் இதயத் துடிப்பு முதல் அம்பு. "நான் தொலைந்தேன்" என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள சிறு இடைவெளியை ஒருவனுக்குக் காட்டிக் கொடுப்பது எவ்வாறு? "அமைதியாக இரு" என்று சொல்லுவதால் எவனும் அமைதியடைந்ததில்லை. உடலின் வழியாகவே அதனைக் காட்ட வேண்டும். இங்கேதான் துடுப்பு வருகிறது.

துடுப்பு வலித்தலை நம் முன்னோர் தண்டு வலித்தல் என்றனர். இக்காலப் பந்தயப் படகு மீனவர் தோணியைப் போன்றதன்று. ஒருவர் மட்டும் அமரும் படகு ஏறத்தாழ 8 மீட்டர் நீளமும், ஓர் ஆள் சற்று நெருக்கி அமரும் அகலமுமே உடையது. போட்டி விதிப்படி அதன் எடை 14 கிலோவிற்குக் குறையலாகாது. அவ்வளவு மெல்லியதாதலின், ஏறி அமர்ந்தவன் தலையைத் திருப்பினாலும் அது ஆடும். அமரும் பலகை சக்கரங்களின்மேல் முன்னும் பின்னும் ஓடும். பாதங்கள் ஒரு மிதிபலகையிற் பூட்டப்பட்டிருக்கும். பார்ப்பவர் இதனைக் கைகளின் வேலை என்று கருதுவர். உண்மையில் முதலில் கால்கள் தள்ளும். பிறகு முதுகு சாயும். கடைசியாகவே கைகள் இழுக்கும். துடுப்பு நீரை விட்டு எழுந்தபின் இதே வரிசை தலைகீழாகும்: கைகள் நீளும், முதுகு முன் குனியும், கால்கள் மடங்கும். இந்த மீள்வில் படகு தானே ஓடிக்கொண்டிருக்கும். வலிப்பவன் அவசரப்பட்டால் அவனுடைய எடையே படகைப் பின்னுக்கு இழுக்கும். நன்கு பழகியவன் மெதுவாக வலிக்கும்போது இழுப்புக்கு ஒரு பங்கு நேரமும் மீள்வுக்கு இரு பங்கு நேரமும் கொடுப்பான். பெரும் போட்டிகளில் தூரம் 2000 மீட்டர்; ஆறு முதல் எட்டு நிமிடம்; இருநூறுக்கு மேற்பட்ட வலிப்புகள்.

இதில் பதற்றமுடையவனுக்கு மருந்தாவது எது என்று ஆராய்வோம். இழுக்கும்போது மூச்சை விடுவதும் மீளும்போது மூச்சை வாங்குவதும் இதன் இயல்பான முறை. நிமிடத்திற்கு 18 அல்லது 20 வலிப்பு என்னும் மெதுவான கதியில் மூச்சும் துடுப்பும் ஒன்றோடொன்று தாமே இணைந்துவிடும். மூச்சை எண்ணு என்று சொன்னால் எண்ண முடியாத மனம், துடுப்பை எண்ணும்போது மூச்சையும் சேர்த்தே எண்ணிவிடுகிறது. ஆனாபானசதி சூத்திரத்தைப் பயின்ற நம் உபாசகர்களுக்கு இது புதிதன்று. ஆயினும் கால்மடித்து அமர்ந்தவுடன் உள்ளே புயல் எழும்பும் இளைஞனுக்கு அசைவோடு கூடிய மூச்சே முதற்படியாகத் தகும் என்பது நம் கருத்து. நெடிதாய் மூச்சு விடும்போது வேகஸ் நரம்பின் வழியே இதயம் சற்றுத் தணிவது உடல்நூலார் கண்ட உண்மை.

மற்றொன்று இதனினும் முக்கியமானது. துடுப்பு வலிப்பவனின் இதயம் கடுமையாகத் துடிக்கும், மூச்சு இரைக்கும், வியர்வை பெருகும். அஞ்சியவனுக்கு நேர்வன எல்லாம் இவனுக்கும் நேர்கின்றன. ஆனால் இங்கே புலியும் இல்லை, வெட்கமும் இல்லை. பத்து நிமிடம் கழித்து அத்துடிப்பு தானே அடங்குகிறது. இவ்வாறு நாள்தோறும் எழுந்து அடங்குவதைக் கண்டவன், துடிப்பு வேறு, ஆபத்து வேறு என்று எவர் சொல்லாமலும் அறிகிறான். எழுவது அழியும் என்னும் அநித்தியப் பாடத்தை உடலின்மேல் எழுதிக் காட்டுவது இது. உடற்பயிற்சி பதற்றத்தைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வுகள் பல உள. துடுப்பை மட்டும் தனியே எடுத்து ஆய்ந்தவை சிலவே. ஆதலின் ஓட்டம், நீச்சல், மிதிவண்டி ஆகியவற்றை விடத் துடுப்பு உயர்ந்தது என்று நாம் வாதிடவில்லை.

ஆனால் துடுப்புக்கே உரிய ஒன்றுண்டு. வலிப்பவன் போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்கிறான். முடிவுக்கோடு அவன் கண்ணிற் படாது. கடந்து வந்த நீரும், தன் துடுப்பு விட்டுச் சென்ற சுழிகளுமே தெரியும். வரப்போவதை நோக்கி நோக்கி நடுங்கும் மனத்திற்கு இதைவிடத் தகுந்த இருக்கை வேறில்லை. நால்வர், எண்மர் அமரும் படகிலோ, ஒருவன் தன் விருப்பப்படி விரைய இயலாது. முன்னிருப்பவனின் முதுகைப் பார்த்தே தன் கையை நீட்ட வேண்டும். உள்ளக்காயம் பட்டவர் பெரும்பாலும் பிறரை விட்டு ஒதுங்குவர். அவரிடம் பேச்சுக் கேட்காமலே, அவரை ஒரு கூட்டத்தின் தாளத்திற்குள் இது சேர்த்துக்கொள்கிறது.

நம் நாட்டில் நிகழ்ந்த இரண்டு வாழ்க்கைகளை இனிக் கூறுவோம்.

மகாராஷ்டிரத்து நாசிக் மாவட்டத்தில் சாந்த்வட் வட்டாரம் நம் சித்தூரைப் போலவே மழை பொய்க்கும் பூமி. அங்கே தளேகாவ் என்னும் சிற்றூரில் கிணறு வெட்டியும் கல் உடைத்தும் பிழைத்த குடும்பத்திற் பிறந்தவர் தத்து பபன் போகனள். தந்தை 2011-இல் இறந்தார். 2012-இல் மகன் இராணுவத்திற் சேர்ந்தார். பூனாவில் அவரைத் துடுப்புப் பயிற்சிக்குத் தெரிந்தெடுத்தபோது, அவருக்குத் தண்ணீர் என்றாலே அச்சம். அந்த அச்சத்தோடேயே படகில் ஏறினார். 2016-இல் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற முயன்ற காலத்தில், தாய் விபத்தில் தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடந்தார். அந்நிலையிலும் தகுதி பெற்று, அவ்வாண்டு ரியோ நகரத்தில் ஒற்றையர் படகுப் போட்டியில் 13-ஆம் இடத்தை எய்தினார்.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று இந்தோனேசியாவின் பாலெம்பாங் நகரில் ஆசிய விளையாட்டு ஒற்றையர் இறுதிப் போட்டியில் அவர் பாதி வழியில் துடுப்பை நிறுத்திவிட்டார். கடைசியாகவே வந்து சேர்ந்தார். உடல்நலம் குன்றியிருந்ததாகச் செய்திகள் கூறின. மறுநாள் காலையில், ஸ்வரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் என்னும் மூவரோடு நால்வர் படகில் அமர்ந்து தங்கம் வென்றார். ஓர் இரவுக்குள் உண்டான இம்மாற்றத்தைக் கரையிலிருந்த எவரும் விளக்கவியலாது. போட்டியை நடுவில் விட்டமைக்காக நாட்டுத் துடுப்புக் கூட்டமைப்பு 2019-இல் அவருக்கு இரண்டாண்டுத் தடை விதித்து, 2020-இல் அதனை நீக்கிற்று. இவ்வழக்கின் நியாய அநியாயத்தை நாம் தீர்க்க வரவில்லை. நாம் கவனிப்பது வேறு. தனியே இருந்தபோது நின்றுபோன கைகள், மூவரின் நடுவே அமர்ந்தபோது ஓடின. தோற்ற பிள்ளையை வீட்டில் ஒரு மூலையில் உட்காரவைத்து ஏசும் தந்தையர் இதனை ஒருமுறைக்கு இருமுறை படித்தல் நன்று.

மற்றவர் நம் ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். பெயர் நாராயண கொங்கனபல்லி. இராணுவ வீரராகிய இவர் 2015-இல் ஜம்மு காஷ்மீரில் கண்ணிவெடியில் இடது காலை இழந்தார். காலால் ஓடியும் நடந்தும் பிழைக்க வேண்டிய தொழிலில் இருப்பவனுக்குக் கால் போவது எத்தகையது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பின்னர் மாற்றுத்திறனாளருக்குரிய துடுப்புப் போட்டியில் இறங்கினார். அனிதா என்னும் வீராங்கனையோடு இணைந்து, 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் பாரா விளையாட்டில் வெள்ளி வென்றார். 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் இருவரும் 8-ஆம் இடம் பெற்றனர். பாராலிம்பிக்கில் துடுப்பு சேர்க்கப்பட்டது 2008-இல், பெய்ஜிங்கில். ஆட்டத்தில் நிற்கத் தேவையில்லாத, ஆனால் உடல் முழுவதும் உழைக்கும் விளையாட்டு ஆதலின், காலிழந்தவருக்கு இது பொருத்தமாயிற்று. வெடியால் துண்டிக்கப்பட்ட உடலை "இது இன்னும் வேலை செய்கிறது" என்று மீண்டும் நம்பக் கற்பதே உள்ளக்காயத்திற்கு மருத்துவர் வேண்டுவது.

அயல்நாடுகளிலும் இவ்வாறே. காயமுற்ற படைவீரர்க்காக 2014-இல் இலண்டனில் தொடங்கிய இன்விக்டஸ் விளையாட்டுகளில் தரைத்துடுப்பும் ஒரு போட்டி. கனடாவின் வான்கூவர் நகரத்தில் 1996-இல் மருத்துவர் டான் மக்கென்சி, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களை நெடும்படகொன்றில் அமர்த்தித் துடுப்புப் போடச் செய்தார். அக்காலத்தில் அத்தகையோர் கைகளால் கடின வேலை செய்யலாகாது என்று பலரும் கருதினர். அப்பெண்களுக்குத் தீங்கு விளையவில்லை. இன்று பல நாடுகளில் அவ்வாறான குழுக்கள் உள்ளன.

நீரும் துயரமும் சேர்ந்த கதை நம் ஆகமங்களிலும் உண்டு. பட்டாசாராவை நம் பெண்மணிகள் அறிவர். கணவனைப் பாம்பு தீண்டிற்று. பச்சைக் குழந்தையைப் பருந்து கொண்டுபோயிற்று. மூத்த மகனை ஆற்று வெள்ளம் கொண்டுபோயிற்று. பெற்றோரும் உடன்பிறந்தானும் புயலில் வீடு இடிந்து மாண்டனர். ஆடை நழுவியதும் அறியாமல் அலைந்தவளை ஊரார் பித்தி என்று விரட்டினர். பகவன் மட்டும் விரட்டவில்லை. நினைவைத் திரும்பப் பெறுமாறு தங்கை முறை கூறி அழைத்தருளினார். அருகிலிருந்த ஒருவர் தம் மேலாடையை எறிந்து உதவினார். முதலில் ஆடை, பிறகு அடைக்கலம், அதன் பின்னரே உபதேசம். இவ்வரிசையை நாம் மறத்தலாகாது. நெடுங்காலம் கழித்து, பிக்குணியான பட்டாசாரா ஒருநாள் கால் கழுவினாள். ஊற்றிய நீர் சிறிது தூரம் ஓடி நின்றது. மறுபடி ஊற்றியது இன்னும் சற்றுத் தூரம். மூன்றாவது அதனினும் தூரம். அதனைக் கண்டே அவளுக்கு ஞானம் பிறந்தது. மகனைக் கொண்டுபோனதும் நீரே. அவள் அதனைப் பார்க்க வற்புறுத்தப்படவில்லை. தானே பார்க்கும் நாள் வந்தது.

ஆதலின், வெள்ளத்தில் உறவினரை இழந்த பிள்ளையை "பயம் தெளியட்டும்" என்று படகில் ஏற்றுவது பெரும் பிழை. துடுப்பு எல்லார்க்கும் மருந்தன்று. மூச்சைக் கவனிப்பதே சிலருக்குப் பழைய நிகழ்ச்சியை எழுப்பிவிடும். அத்தகையோர் கண்ணைத் திறந்தே வைத்து, பாதம் மிதிபலகையில் அழுந்துவதை மட்டும் உணர்ந்தால் போதும். அதுவும் ஒவ்வாதெனில் உடனே நிறுத்துக. மேலும் துடுப்பு விளையாட்டினுள்ளும் பதற்றம் உண்டு. கருவியில் 2000 மீட்டர் நேரம் பார்க்கும் சோதனை என்றால் கை தேர்ந்த வீரருக்கும் முந்தின இரவு தூக்கம் வருவதில்லை. மிகைப் பயிற்சியால் விலாவெலும்பில் கீறல் விழுதலும் இடுப்பு வலியும் இவ்விளையாட்டில் அறியப்பட்டவை. 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற துப்பாக்கி வீரர் அபினவ் பிந்த்ரா, வெற்றிக்குப் பின்னரே தம்மை மனச்சோர்வு பற்றியதென வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். வென்றாலும் இது வரும் என்பதற்கு அவர் சான்று.

சோணர் என்னும் பிக்கு, நடந்து நடந்து பாதம் பிளந்து குருதி வழிய முயன்றும் பயன் காணாமல், இல்லறத்திற்கே திரும்பிவிடலாமா என்று எண்ணினார். வீணை வாசிக்கத் தெரிந்தவர் அவர். நரம்பு மிக முறுகினால் இசைக்குமா, மிகத் தளர்ந்தால் இசைக்குமா என்று பகவன் அவரைக் கேட்டருளினார். பயிற்சியாளர் சிலர் முறுக்குவதை மட்டுமே அறிந்திருக்கின்றனர்.

இனி நம் மாவட்டங்களைப் பற்றி. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. அப்போது சூளூர்ப்பேட்டை, தடா பக்கத்துப் பழவேற்காட்டு ஏரியும் அதனுள் வந்தது. அங்கே நீர் பரந்தது, ஆழம் குறைந்தது. மீனவர் கோல் ஊன்றியே பல இடங்களில் தோணி செலுத்துவர். ஆனால் ஆந்திரப் பகுதி பறவைகளின் சரணாலயம். பூநாரைகள் வந்து மேயும் நீரில் வனத்துறையின் இசைவின்றிப் படகு இறக்குதல் சட்டப்படியும் தகாது, சீலப்படியும் தகாது. திருப்பதிக்கருகில் உள்ள கல்யாணி அணையின் நீர் நகரத்தார் குடிப்பது. அதில் இறங்குதல் முறையன்று. சுவர்ணமுகி ஆற்றில் ஆண்டில் பெரும்பகுதி மணலே காணப்படும். முறைப்படி நீரிற் பழக விரும்புவோர்க்குச் சென்னையில் 1867-இல் நிறுவப்பட்ட மதராஸ் போட் கிளப் அடையாற்றங்கரையில் உண்டு. ஐதராபாத்தின் உசேன் சாகரிலும் துடுப்புப் பயிற்சி நடைபெறுகிறது. இவை செலவும் தூரமும் உடையவை.

ஆகையால் தரைத்துடுப்புக் கருவியே நமக்கு உற்றது. நீண்ட தண்டவாளம், அதன்மேல் ஓடும் இருக்கை, சங்கிலியால் இழுக்கப்படும் காற்றாடிச் சக்கரம் ஆகிய இவ்வளவே அது. இழுக்கும் வேகத்திற்கேற்பத் தடை தரும். ஆதலின் பத்து வயதுச் சிறுமியும் படைவீரனும் ஒரே கருவியில் பழகலாம். உடற்பயிற்சிக் கூடங்கள் பலவற்றில் ஒன்றாவது இருக்கும். அதுவும் கிட்டாத சிற்றூராருக்கு ஒன்று சொல்லுவோம். நம் பாட்டன்மார் ஏற்றம் இறைத்த காலத்தில், ஒருவர் மிதிக்க ஒருவர் இறைக்க, எண்ணிக்கையைப் பாட்டாகவே பாடினர். உழைப்பு, மூச்சு, எண்ணிக்கை, துணை ஆகிய நான்கும் அங்கே ஒருங்கே இருந்தன. இருவர் எதிரெதிரே பாயில் அமர்ந்து, பாதத்தோடு பாதம் சேர்த்து, ஒரு தடித்த கயிற்றை மாறி மாறி மெல்ல வலித்து இருபது வரை எண்ணுவதும் பயனுடைத்தே.

பயிலும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். முதல் இரு வாரம் பத்து நிமிடமே போதும். நிமிடத்திற்கு 18 வலிப்பு. இழுக்கும்போது மூச்சு வெளியே, மீளும்போது உள்ளே. கருவியின் எண்பலகையை ஒரு துணியால் மூடி வைக்க வேண்டும். இது மிக அவசியம். எண்ணைக் கண்டவுடன் மனம் தேர்வுக்கூடத்திற்கு ஓடிவிடும். மனம் ஓடியது தெரிந்தால், ஓடியது என்று மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த இழுப்புக்குத் திரும்புக. முடிந்ததும் எழுந்து ஓடாமல் இருக்கையிலேயே அமர்ந்து, துடிப்பு அடங்குவதை இறுதி வரை கவனிக்க வேண்டும். பத்து நிமிடப் பயிற்சியில் பயன் மிகுந்த பகுதி இதுவே என்று நாம் கருதுகிறோம். இதய நோயோ முதுகு நோயோ உடையவர் மருத்துவரைக் கேளாமல் தொடங்க வேண்டா.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலும், பழைய நிகழ்ச்சி கனவில் ஓயாது வந்தாலும், உயிரை விட்டுவிடலாம் என்னும் சொல் ஒருமுறையேனும் வாயில் வந்தாலும் துடுப்பை நம்பிக் காத்திருத்தல் கூடாது. திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் உள்ளனர். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். இவ்வெண்ணைச் சங்கக் கூடத்தின் கதவில், பிள்ளைகள் படிக்கும் உயரத்தில் எழுதி ஒட்டுக.

சங்கங்கள் கூடிக் கருவி ஒன்று வாங்க எண்ணினால், சாவியை ஒருவரிடமே வைக்காமல் இருவரிடம் வைப்பது நன்று. பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கி அதனை எழுதி மாட்ட வேண்டும். இல்லையேல் முதல் மாதத்திலேயே கருவி ஆடவருடையதாகிவிடும். பயிற்சி நேரத்தில் வேடிக்கை பார்ப்போர் கூடத்திற்கு வெளியே இருக்கட்டும். தண்டவாளத்தை நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்து, சங்கிலிக்கு அவ்வப்போது சிறிது எண்ணெய் இடுக.